இரண்டாம் சபை தமிழரைக் காக்குமா?

இலங்கைக்குப் புதிய அரசியல் யாப்பு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், இரண்டாம் சபை ஒன்றும் வேண்டும் என்ற பேச்சும் கூடவே எழுவது வழக்கமாகிவிட்டது. 2017 செப்ரெம்பரில் வெளியான வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை 55 உறுப்பினர் கொண்ட இரண்டாம் சபையொன்றைப் பிரேரித்தது. 2024இல் பதவிக்கு வந்த அரசாங்கமும் புதிய யாப்புத் தருவதாக மக்களிடம் வாக்குக் கொடுத்தே வந்தது. ஆகவே இன்றோ நாளையோ இவ்விடயம் மீண்டும் நம் வாசலுக்கு வரும்.

நம்மவருள் ஒரு சாரார் இரண்டாம் சபையைப் பெருங் காவலெனக் கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார், "செனற் சபை இருந்த காலத்தில் என்ன சுகத்தைக் கண்டோம்?" என்று கூறி அதனை ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. எந்தக் கட்சியின் கட்டளைக்கும் உட்படாத ஒருவர் அச்சபைக்குள் நுழைய வழி இருக்குமா? நுழைந்த பின் அவர் குரலுக்கும் வாக்குக்கும் என்ன பெறுமதி இருக்கும்? சபை பயனுடையதா, வெறும் அலங்காரமா என்பதை இக்கேள்விக்கான விடையே தீர்மானிக்கும். அவ்விடையைத் தேட நாம் ஊகங்களுக்குள் இறங்க வேண்டியதில்லை. நம் நாட்டின் அனுபவம் இருக்கின்றது. பிறநாட்டின் அனுபவமும் இருக்கின்றது.

சோல்பரி தந்த சபை

1947இல் தோன்றிய செனற் சபையில் 30 உறுப்பினர் இருந்தனர். அவருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது. எஞ்சிய 15 பேரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பொதுச் சேவையிற் சிறந்தவர்களையும், கல்வி, சட்டம், வைத்தியம், விஞ்ஞானம், எந்திரவியல், வங்கித்தொழில் முதலியவற்றிலும் வர்த்தகம், கைத்தொழில், கமத்தொழில் ஆகியவற்றிலும் மேம்பட்டவர்களையும் நியமிக்க முயலவேண்டும் என்று யாப்பு கூறியது. வாசிக்க அழகான வாசகம். ஆனால் நியமனப் பத்திரத்துக்குப் பெயர் கொடுப்பவர் பிரதம மந்திரி ஒருவரே. சபையின் பாதி ஆசனங்கள் ஒருவர் கைக்குள் இருக்கும்போது, அச்சபை அவரைத் தட்டிக் கேட்கும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அதிகாரமோ அதனிலும் குறைவு. பண மசோதாவைச் செனற் சபை ஒரு மாதம் தாமதிக்கலாம். அதற்கு மேல் இயலாது. ஏனைய மசோதாக்களை நிராகரித்தாலும், அடுத்தடுத்து இரண்டு கூட்டத்தொடர்களில் பிரதிநிதிகள் சபை அவற்றை நிறைவேற்றினால் அவை சட்டமாகிவிடும். ஆகவே அச்சபையின் உண்மையான அதிகாரம் தாமதிக்கும் அதிகாரம் மட்டுமே.

தாமதம் என்பது அற்பமானதன்று. காணி பற்றிய வர்த்தமானி அறிவித்தல் ஒன்றுக்கு மறுப்புத் தெரிவிக்கக் கிடைக்கும் சில மாத அவகாசம் எத்துணைப் பெறுமதியானது என்பதை நம் கமக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அவகாசத்தில் உறுதியைத் தேடலாம், ஊரைக் கூட்டலாம், நீதிமன்றப் படியேறலாம். ஆனால் அவகாசத்தைப் பயன்படுத்த ஆளும் வேண்டும், போய் முறையிட இடமும் வேண்டும்.

நடேசன் கண்ட களம்

அத்தகைய ஆளாக அச்சபையில் விளங்கியவர் சோமசுந்தரம் நடேசன். யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பாசறையில் வளர்ந்தவர். கொழும்பு நீதிமன்றங்களிற் பெயர்பெற்ற இராணி வழக்கறிஞர். 1947இல் செனற் சபை தொடங்கியபோதே சுயேச்சை உறுப்பினராகத் தெரிவானவர். அரசாங்கக் கட்சியின் கொறடாவுக்கோ எதிர்க்கட்சியின் கொறடாவுக்கோ அவர் கட்டுப்பட்டவரல்லர். ஆளுங் கட்சிக்கு நன்றிக்கடன் இல்லை; அடுத்த தேர்தலுக்கு ஆசனம் தேடவேண்டிய கவலையும் இல்லை. சட்டத்தின் சொற்களை எடுத்து, இச்சொல்லால் யாருடைய சுதந்திரம் குறைகிறது என்று கேட்பதே அவர் தொழிலாயிற்று.

சுயேச்சைச் செனற்றர் ஒருவர் கையிலிருந்த கருவிகள் எவை? கேள்வி கேட்கலாம். பிரேரணை கொண்டுவரலாம். மசோதா குழுநிலையில் இருக்கும்போது வாசகம் வாசகமாகத் திருத்தம் கேட்கலாம். மந்திரி எழுந்து காரணம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கலாம். செனற் சபையில் இருவருக்குக் குறையாத மந்திரிகள் அமரவேண்டும், அவருள் ஒருவர் நீதி மந்திரியாய் இருக்கவேண்டும் என்று யாப்பு விதித்திருந்தமை இங்கே கவனிக்கத்தக்கது. சட்டம் கற்ற சுயேச்சை உறுப்பினர், சட்டத்துக்குப் பொறுப்பான மந்திரியை நேருக்கு நேர் கேள்வி கேட்கக்கூடிய மேடை அது. சொன்ன காரணம் ஹன்சாட்டில் ஏறும். பின்னாளில் மறுக்க இயலாது.

இவையெல்லாம் மெய். ஆயினும் முழு மெய்யையும் சொல்லிவிட வேண்டும். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் செனற் சபை இருக்கும்போதே வந்தது. தனிச் சிங்களச் சட்டம் எனப்பட்ட 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமும் அச்சபை இருக்கும்போதே வந்தது. நெஞ்சுரமும் நாவன்மையும் உள்ள செனற்றர் எத்தனை பேர் இருந்தும் அவற்றைத் தடுக்க இயலவில்லை. குற்றம் அவர்கள் பேச்சிலன்று. சபையின் கணக்கில் இருந்தது.

கணக்குச் சொல்லும் கதை

அந்தக் கணக்கை வாசகர் பொறுமையுடன் நோக்கவேண்டும். யாப்பின் அலங்காரச் சொற்கள் மறைப்பதை இலக்கங்கள் காட்டிவிடும்.

பிரதிநிதிகள் சபை தன் 15 செனற்றர்களையும் விகிதாசார முறைப்படி, மாற்றக்கூடிய தனி வாக்கினால் தெரிவுசெய்தது. இம்முறையில் ஒருவர் வெல்ல வேண்டிய வாக்குத் தொகையைக் காண்பது எளிது. வாக்காளர் தொகையை, ஆசனங்களின் தொகையோடு ஒன்று கூட்டி வந்த எண்ணாற் பிரித்து, வரும் முழு எண்ணோடு ஒன்று கூட்டவேண்டும். 1947இல் பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர். நிரப்பவேண்டிய ஆசனம் 15. ஆகவே அனைவரும் வாக்களித்தால் 7 வாக்கு உடையவர் தோற்க இயலாது. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வென்ற ஆசனங்களும் ஏழே. சிறுபான்மைக் குழுவொன்றோ, பல கட்சியிலுமுள்ள நல்லெண்ணம் படைத்த சிலரோ ஒன்றுசேர்ந்தால் ஒருவரை அனுப்பலாம். வாசல் திறந்தே இருந்தது.

ஆனால் அந்த வாசல் ஒருமுறைதான் அவ்வளவு அகலத் திறந்தது. செனற்றர்களில் மூன்றிலொரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலகுவர் என்பது விதி. எனவே அடுத்த தெரிவுகளில் ஒரு தடவைக்கு 5 ஆசனங்களே நிரப்பப்பட்டன. அப்போது வேண்டிய வாக்கு 7 அன்று, 17. 1956இல் தமிழரசுக் கட்சி பெற்ற ஆசனங்கள் 10. 1960இல் பிரதிநிதிகள் சபை 157 உறுப்பினராக விரிந்தபோது வேண்டிய வாக்கு 27 ஆயிற்று. அவ்வாண்டு யூலையில் தமிழரசுக் கட்சி வென்றவை 16. வடக்குக் கிழக்கின் தமிழ் மக்கள் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்த கட்சி, தன் சொந்த வாக்கினால் ஒரே ஒரு செனற்றரைத்தானும் அனுப்ப இயலாத நிலை! யாரும் யாப்பைத் திருத்தவில்லை. யாரும் தமிழருக்கெதிராகச் சட்டமியற்றவில்லை. ஆசனங்களைத் துண்டு துண்டாக நிரப்பும் விதியொன்றே வாசலை ஒடுக்கிவிட்டது.

மறுபுறத்தில் நியமன வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. 1960இல் பிரதம மந்திரியான சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் எந்தத் தொகுதியிலும் போட்டியிடாமல் செனற்றராக இருந்தே 1965 வரை அரசாங்கத்தை நடத்தினார். அரசாங்கத்துக்கு வேண்டியவர் வர வழி உண்டு. அரசாங்கத்துக்கு வேண்டாதவர் வர வழி குறுகும். பிரதம மந்திரி நியமித்த பதினைவரும், அவர் கட்சி பிரதிநிதிகள் சபையிலிருந்து அனுப்பியவர்களும் ஒருபுறம் இருக்க, ஒற்றைச் சுயேச்சை உறுப்பினரின் வாக்கில் சபையின் தீர்ப்பு தங்கும் நாள் வருவது அரிதினும் அரிது. ஆகவே நம் செனற்றருக்குக் குரல் இருந்தது. வாக்கின் கனம் இருக்கவில்லை.

தஸ்மேனியாவின் ஒற்றை வாக்கு

வாக்கின் கனம் இருந்தால் என்ன நிகழும்? அவுஸ்திரேலியாவைப் பார்ப்போம். அங்கும் செனற் சபை உண்டு. ஆனால் பிரதம மந்திரி அதிலே ஒருவரையும் நியமிக்க இயலாது. ஒவ்வொரு மாநிலமும், பெரியதாயினும் சிறியதாயினும், 12 செனற்றர்களை மக்கள் வாக்கினால் அனுப்பும். வழக்கமான தேர்தலில் ஒரு மாநிலத்துக்கு 6 ஆசனம். எனவே ஏழிலொரு பங்கு வாக்குப் பெற்றவர் வெல்லலாம். இந்த வாசலாற் புகுந்தவரே பிரையன் ஹாரடீன். தஸ்மேனியாவின் தொழிற்சங்கத் தலைவர். தொழிற் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1975 முதல் 2005 வரை முப்பது ஆண்டு சுயேச்சைச் செனற்றராக இருந்தவர்.

1996இல் ஜோன் ஹவார்ட் அரசாங்கம் பதவியேற்றபோது, 76 பேர் கொண்ட செனற் சபையில் அதற்கு 37 ஆசனமே. பெரும்பான்மைக்கு 39 வேண்டும். தொழிற் கட்சியை விட்டு விலகிய மல் கோல்ஸ்ரன் ஒருவர், ஹாரடீன் மற்றொருவர். இவ்விருவரும் சேர்ந்தால் 39. அன்று முதல் மந்திரிமார் அவர் கதவைத் தட்டினர். தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளை விற்க வந்த மசோதாவில் அவர் தம் மாநிலத்துக்கென நிதி ஒதுக்கீடுகளைப் பெற்றார். 1999 மே மாதத்தில் பொருள் சேவை வரி மசோதாவுக்கு ஆதரவளிக்கத் தம்மால் இயலாது என்று சபையிலே சொன்னார். அரசாங்கம் வேறொரு கட்சியைத் தேடிச் சென்று, தன் திட்டத்தைக் குறைத்துக்கொண்டே அதனை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. ஆள் ஒருவர், வாக்கு ஒன்று. கணக்கு அவ்வாறு அமைந்ததால் அரசாங்கம் அந்த ஒரு வாக்கின் முன் நின்றது.

சுயேச்சை வேறு, பிரதிநிதித்துவம் வேறு

இதைக் கேட்டு மகிழ்பவர்கள் அடுத்த கதையையும் கேட்கவேண்டும்.

அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளுக்கு மரபுவழி நில உரிமை உண்டென 1992இல் மாபோ வழக்கில் அந்நாட்டு மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996 டிசெம்பரில் விக் வழக்கிலே, மேய்ச்சல் நிலக் குத்தகை வழங்கப்பட்ட காணிகளிலும் அவ்வுரிமை முற்றாக அழிந்துவிடாது நிலைத்திருக்கலாம் எனக் கூறியது. குத்தகைக் காணிகளோ அக்கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளரும் சுரங்கத்தாரும் கலங்கினர். தீர்ப்பின் பயனைக் குறுக்க அரசாங்கம் திருத்த மசோதா கொண்டுவந்தது. செனற் சபை அதனை நீண்ட நாள் விவாதித்துத் திருத்தியது. அரசாங்கம் திருத்தங்களை ஏற்க மறுத்தது. இனத்தை முன்வைத்து நாடு தேர்தலுக்குச் செல்லும் அபாயம் நெருங்கிற்று. 1998 யூலையில் ஹாரடீன் அரசாங்கத்தோடு இணக்கம் கண்டார், மசோதா சட்டமாயிற்று. இனவாதத் தேர்தலைத் தவிர்த்தேன் என்பது அவர் நியாயம். அது பொய்யான நியாயமன்று. ஆயினும் யாருடைய நிலம் பற்றிய பேச்சோ, அந்த மக்களின் தலைவர்கள் இறுதிப் பேச்சு மேசையில் இருக்கவில்லை. தங்கள் உரிமையைத் தங்களைக் கேளாமல் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் சினந்தனர்.

நாம் இதில் கற்கவேண்டியது யாது? சுயேச்சை உறுப்பினர் கட்சிக் கட்டளையினின்று விடுதலை பெற்றவர். ஆனால் மக்கள் ஆணையினின்றும் விடுதலை பெற்றவராகிவிடக் கூடாது. நல்லவர் ஒருவர் நம் பொருட்டுப் பேரம் பேசுவதும், நாமே நம் பேரத்தைப் பேசுவதும் ஒன்றல்ல. நம் காணியையும் மொழியையும் பற்றிய தீர்ப்பைக் கொழும்பிலிருக்கும் சில சான்றோரின் நல்லெண்ணத்தில் ஒப்படைக்கும் எந்த ஏற்பாட்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

பின்னே நிற்கும் காவல்

மற்றுமொன்று. சபையிலே எழுந்த குரலுக்குப் பின்னால் நீதிமன்றமும் யாப்பும் நின்றால்தான் அக்குரலுக்கு வலுவுண்டு. அரசகரும மொழிச் சட்டம் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்ற வாதத்தை மூதவை ஏற்காவிட்டாலும், கோடீஸ்வரன் வழக்கில் 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. உயர் நீதிமன்றம் 1967இல் வேறு காரணத்தால் அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை நிராகரித்து, வழக்கை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. அடிப்படைக் கேள்விக்கோ இறுதிவரை விடை கிடைக்கவில்லை. ஏன்? 1971 ஒக்ரோபர் 2ஆம் நாள் செனற் சபை ஒழிந்தது. அதனைத் தொடர்ந்து கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22ஆம் நாள் குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவும் ஒழிந்தது. ஓராண்டுக்குள் மூன்று காவலும் போயின! தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அதிகாரம்கூட இல்லாத சபை நம்மைக் காத்திருக்குமா?

நடேசனின் பிற்கால வாழ்வும் இதற்கொரு சான்று. 1971இன் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் மறியலில் இருந்த காலத்தில் தோன்றிய சிவில் உரிமைகள் இயக்கத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். மூதவை உறுப்பினராய் இருந்தபோது அவர் சபையிலே சொன்ன சொல்லுக்காக எந்த நீதிமன்றமும் அவரை விசாரித்திருக்க இயலாது, சிறப்புரிமை காத்தது. சபை போயிற்று. பாராளுமன்றத்தின் தண்டிக்கும் அதிகாரத்தைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதியதற்காக, 1980இல் அவர்மீதே பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறிய குற்றம் சுமத்தப்பட்டது. உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அன்று அவரைக் காத்தது சுதந்திரமான நீதிமன்றம். மக்களுக்காகப் பேசுபவரைக் காக்கும் ஏற்பாடு யாப்பிலே உறுதியாக இல்லையெனில், பேசுவதும் அவர் பொறுப்பு, பிழைப்பதும் அவர் பொறுப்பு என்றாகிவிடும்.

நாம் கேட்கவேண்டியவை

இனி 2017ஆம் ஆண்டுப் பிரேரணைக்கு வருவோம். 55 பேரில் 45 பேரை ஒன்பது மாகாண சபைகளும் சபைக்கு ஐவராகத் தெரிவுசெய்யும்; 10 பேரைப் பாராளுமன்றம் தெரிவுசெய்யும்; முறை மாற்றக்கூடிய தனி வாக்கு. சாதாரண மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பலாம், முற்றாகத் தடுக்க இயலாது. யாப்புத் திருத்தத்துக்கோ இரு சபைகளிலும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். சோல்பரி சபையைவிட இது மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. நியமனம் இல்லை, யாப்புத் திருத்தத்திற் பங்கு உண்டு. ஆயினும் கணக்கை மறவாதீர்.

வட மாகாண சபைக்கு 38 உறுப்பினர். ஐந்து ஆசனமும் ஒரே தடவையில் நிரப்பப்பட்டால் ஒருவர் வெல்ல 7 வாக்குப் போதும். 1947இன் அதே ஏழு! இரண்டு ஆசனங்களாகப் பிரித்து நிரப்பினாலோ 13 வேண்டும். கிழக்கிலே 37 உறுப்பினர். அங்கும் ஐந்துக்கு 7. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் கிழக்கில் இவ்வேறுபாடு உயிர்நாடி போன்றது. எனவே ஒரு மாகாணத்தின் ஐவரும் ஒரே நாளில் தெரிவாக வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை. பாராளுமன்றத்தின் 10 ஆசனங்களை ஒரே தடவை நிரப்பினாலும் 225 பேரில் 21 வாக்கு வேண்டும். 2024 தேர்தலில் தமிழரசுக் கட்சி பெற்றவை 8. ஆகவே அந்தப் பத்தில் நாம் நம்பிக்கை வைப்பதற்கில்லை.

இரண்டாவது, மாகாண சபைகள் இயங்கவேண்டும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. வேர் வெட்டுண்ட மரத்தில் காய் பறிக்க இயலுமா? மாகாண சபை கலைந்து கிடந்தால் இரண்டாம் சபையில் அம்மாகாணத்தின் ஆசனங்களும் வெறுமையாகும். குறித்த காலத்தில் மாகாணத் தேர்தல் நடத்துவதை யாப்பே கட்டாயமாக்கவேண்டும்.

மூன்றாவது, மொழி, காணி, மாகாண அதிகாரம் ஆகியவை பற்றிய சாதாரண மசோதாக்களிலும் திருப்பியனுப்பும் அதிகாரம் மட்டும் போதாது. பாதிக்கப்படும் மாகாணத்தின் ஐவரில் பெரும்பான்மையினர் எதிர்த்தால் அம்மசோதா நிற்கவேண்டும். அப்போதுதான் பிறர் நல்லெண்ணத்தில் நம் உரிமை தங்காது.

நான்காவது, அச்சபையின் சுயேச்சை உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் நேரமும், குழுவில் ஆசனமும், திருத்தம் முன்வைக்கும் உரிமையும் கட்சித் தலைவர்களின் தயவின்றிக் கிடைக்கவேண்டும். அவர் சொல்வது தமிழிலும் அப்படியே அச்சேறி, கிளிநொச்சிக் கமக்காரரும் மட்டக்களப்பு ஆசிரியரும் வாசிக்கக் கிடைக்கவேண்டும்.

இவற்றைக் கேட்பது சட்டம் கற்றவர்களின் வேலை மட்டுமன்று. யாப்பு வரைபு வெளிவரும் நாளில் முன்னுரையின் இனிய சொற்களைப் படித்து மயங்காது, ஆசனம் எத்தனை, எப்போது நிரப்பப்படும், எத்தனை வாக்கு வேண்டும் என்ற அட்டவணையை முதலில் எடுத்துப் பாருங்கள். கமக்காரர் சங்கங்களிலும், ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர் சங்கங்களிலும் இக்கணக்கைப் பேசுங்கள். நம் பிரதிநிதிகள் அவ்வரைபுக்குக் கை உயர்த்தும் முன் இந்நான்குக்கும் விடை கேளுங்கள். விடை கிடைக்காத சபைக்கு நம் ஒப்புதல் இல்லை என்பதை இன்றே சொல்லிவைப்போம்.